தேர்வுக்குள் அடங்காத அறிவு

நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய குடும்பத்தில், 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். வளர்ந்தது குடந்தையில். பள்ளியில் பரிசுகள் பெற்று, 1904இல் உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே உள்ளம் தோய்ந்தமையால் பிற பாடங்களில் தவறினார்; உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேறவில்லை, உடலியல் பாடம் அவருக்கு வசப்படவே இல்லை.

பட்டமின்றி, வருவாயின்றி, சிலேட்டில் கணக்கிட்டு முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை அனுப்பினார். 1914இல் கடல் கடந்தார்; 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் மறைந்தார்.

எழுத்தோடு போராடியவர் அல்லர் அவர். ஆயினும் எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும் முறைக்கு அவரும் இரையானார். நம் அம்மாபேட்டைத் தறிவீடு ஒன்றில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை மக்கு என்று சொல்ல நாவெழும்போது, குடந்தையில் பறிபோன அந்த உதவித்தொகையை நாம் நினைத்துக்கொள்வோமாக.