குடந்தைத் தமிழாசிரியர்

திங்கள்தோறும் ஐம்பது ரூபாய். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்த ஊதியம் அது. அந்நாளில் அஃது இழிந்த தொகையன்று. வறுமையிலேயே உழன்ற குடும்பத்துக்குப் பெருஞ்செல்வமே. அத்துடன் அவர் மனநிறைவு கொண்டு இருந்திருக்கலாம்.

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சூரியமூலையில் பிறந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல், 1876இல் அப்பெரியார் மறையும் வரை பயின்றார். எத்தனையோ தலபுராணங்கள் பாடியும் கடன்தொல்லை நீங்காமல் வாழ்ந்தவர் பிள்ளையவர்கள். புலமை பொருளாக மாறுவதில்லை என்பதை மாணவர் அருகிலிருந்தே கண்டார். பின்னர்த் தியாகராச செட்டியார் ஓய்வு பெறுகையில் தம் பதவியை இவருக்குப் பெற்றுத் தந்தார்.

1880 அக்டோபர் 21ஆம் நாள், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார் ஐயர். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பெருமையுடன் அடுக்கினார். முதலியாரோ வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. ஆசிரியத் தொழிலில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு, ஐயர் அன்று சினந்து திரும்பிவிடாததுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

முதலியார் தந்த பிரதியைப் படித்தபோது சமணக் கோட்பாட்டுச் சொற்கள் விளங்கவில்லை. கல்லூரி ஆசிரியர் என்னும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, குடந்தைச் சமணர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் ஐயங்களைத் தீர்த்தனர். ஒருநாள் ஒரு வீட்டில் தோரணமும் கோலமும் கண்டு காரணம் கேட்டார்; சிந்தாமணி படித்து முடித்த விழா என்றனர். புலவர் பலர் மறந்த நூல், நம்மவர் இல்லங்களில் பூசனைக்குரியதாக உயிரோடிருந்தது.

முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுத்தாள் திருத்தி, 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அதனை வெளியிட்டார். பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த உழைப்புக்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. அப்போது பாரதியார் அவரை வாழ்த்திப் பாடுகையில், செல்வம் இல்லையே என வருந்த வேண்டாம் என்று ஆறுதலும் சேர்த்துப் பாடினார். ஐயர் வருந்தினாரோ இல்லையோ, பாரதியார் வருந்தியிருக்கிறார்!

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார், வேலை வாங்கித் தந்தவரின் நினைவாக. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. அவர் தொகுத்த ஏட்டுச் சுவடிகள், 1943இல் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையத்தில் உள்ளன.