அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு சுப்பாராவ்

நம் கல்லூரியில் உயிர்வேதியியல் லேபுக்குள் கால் வைத்தவர்களுக்கு அந்த நீல நிறம் ஞாபகம் இருக்கும். கரைசலில் பாஸ்பேட் கூடக் கூட நீலமும் கூடும். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிடுவோம். அந்த சுப்பாராவைப் பற்றி, இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து பாஸ். (அரியர்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க!) மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டு ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923-ல் அமெரிக்கா போனார். 1925-ல் ஹார்வர்டில் அந்த நீல முறை, 1929-ல் ஏ.டி.பி. என்ற நியூக்ளியோடைடு.

1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மாத்திரை 1947-ல் அங்கிருந்துதான் வந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதற்கு எதிராக வேலை செய்யும் அமினாப்டெரின், மெத்தோட்ரெக்சேட் மருந்துகளை உருவாக்கியதும் அவர் குழுதான்.

அந்த மருந்துகள் புற்றுநோய்ச் செல்லை எப்படிக் கொல்கின்றன என்பது பின்னால்தான் புரிந்தது. நம்மூரில் விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டு, மிதக்கிற பதரை அள்ளி எறிவோம் இல்லையா? செல்லுக்குள்ளும் அந்த வேலைக்கு என்சைம்கள் இருக்கின்றன. ஆக்சிஜனால் கெட்டுப்போன ஜி என்ற எழுத்தை டி.என்.ஏ.வில் சேரும் முன்பே மட்-டி என்சைம் உடைத்துவிடுகிறது என்று 1992-ல் ஜப்பானியர் காட்டினார்கள். விட்டுவைத்தால் அது தவறான எழுத்தோடு ஜோடி சேர்ந்து மரபுப்பிழை ஆகிவிடும். யுராசில் நியூக்ளியோடைடை உடைப்பது டி-யு-டி.பி.-ஏஸ். மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் தைமின் குறைந்து, யுராசில் குவிகிறது. என்சைமால் சமாளிக்க முடியாமல் டி.என்.ஏ.க்குள் புகுந்துவிடுகிறது. ரிப்பேர் செய்யும் என்சைம்கள் அதை வெட்டி வெட்டியே இழை அறுந்து, செல் செத்துப்போகிறது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே, 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமாகிவிட்டார். இரட்டைச் சுருள் வந்ததே 1953-ல்தான்.

நம் பேட்ச்காரர்களில் முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் இருக்கலாம். பக்கவிளைவு குறைய டாக்டர் கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதியிருப்பார். இரண்டுமே அந்த மனிதரின் லேபிலிருந்து வந்தவைதான்.