வில்லனாக அறிமுகமான பி.ரம்லி: மோதலின் இரு பக்கமும் அறிந்த கலைஞர்

ஜொகூர் பாரு - மலேசியத் திரையுலகின் ஈடு இணையற்ற கலைஞர் பி.ரம்லி, 1929 மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர். ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோவுக்கு 1948-இல் அவரை அழைத்து வந்தவர் இந்திய இயக்குநர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ். அதே ஆண்டு வெளியான 'சிந்தா' படத்தில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். 1950-இல் நம்மவரான எல்.கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' அவரை நாயகனாக்கியது.

மோதல் இல்லாமல் கதை இல்லை. ஆனால் கத்திச் சண்டை மட்டுமே மோதல் ஆகாது என்பதை ரம்லி நன்கு அறிந்திருந்தார். 1955-இல் அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பெச்சா'வில் ஏழை ரிக்‌ஷாக்காரரும் பணக்காரக் குடும்பத்துப் பெண்ணும் காதலிக்கிறார்கள். அங்கே பணத்திமிர்தான் எதிரி. 1962-இல் வந்த 'இபு மெர்துவாகு' படத்தில் எதிராளி மாமியார். இசைக்கலைஞனான மருமகனிடம் மகள் இறந்துவிட்டதாகப் பொய் சொல்கிறார். அழுதழுதே பார்வை இழக்கும் அவன், சிகிச்சையில் பார்வை திரும்பியதும் உண்மையை அறிகிறான். பிறகு தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். மகளுக்கு வசதியான வாழ்வு வேண்டும் என்ற தாயின் ஆசைதான் அத்தனைக்கும் காரணம்.

இந்த வித்தையின் உச்சம், பானி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி' (1956). தாயில்லாப் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் தந்தை, குற்றவாளியாக வளரும் மகன் என இரு வேடங்களையும் ரம்லியே ஏற்றார். முடிவில் மகனைப் போலீசிடம் ஒப்படைப்பவர் தந்தைதான். பாசமும் நீதியும் ஒரே நெஞ்சுக்குள் மோதுகின்றன. இப்படத்துக்காக 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

1964-இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த பின் படங்கள் முன்போல் ஓடவில்லை. இரசிகர்களின் ஆதரவு குறைந்தது. 1973 மே 29-ஆம் தேதி, 44 வயதில் மறைந்தார். 'டான் ஸ்ரீ' விருது அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1990-இல்தான் வழங்கப்பட்டது.

குறும்படம் எடுக்க முனையும் நம் ஜொகூர் இளைஞர்கள் அவர் படங்களை மீண்டும் பார்க்கலாம். எதிராளிக்கும் ஒரு நியாயம் இருந்தால்தான் கதை பார்ப்பவர் மனத்தில் நிற்கும்.