தம் சரித்திரத்தில் பிறரை வாழவைத்தவர்

தமிழ்நாட்டுப் பெரியோர்களின் பெயர்கள் நிலைத்திருக்கும் அளவுக்கு அவர்களுடைய வாழ்க்கை நிலைத்திருப்பதில்லை. சங்கப் புலவர் பலரைப் பற்றி அவர்கள் பாடல்களுக்கு அப்பால் தெரிவது மிகக் குறைவு. பிற்காலப் புலவர் பலருடைய வரலாறு கர்ணபரம்பரைக் கதைகளோடு கலந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பு போன்றவை அரிய விலக்குகள். இத்தகைய மரபில் வந்த ஒருவர், 85 வயதை எட்டும் தறுவாயில் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். அதுவே தமிழ்த் தன்வரலாறுகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் ‘என் சரித்திரம்’. அதனை எழுதியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

சங்க நூல்களைச் சுவடிகளிலிருந்து மீட்டுத் தந்தவர் என்றே ஐயரைத் தமிழுலகம் நினைவு கூர்கிறது. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளும் அதே தொண்டின் மற்றொரு பகுதி என்பது, அவர் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

கும்பகோணத்தை அடுத்த சூரியமூலை என்னும் சிற்றூரில், தாயின் பிறந்தகத்தில், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஐயர் பிறந்தார். தந்தையாரின் ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கட சுப்பையர் இசையில் வல்லவர். இராமாயணப் பிரசங்கம் செய்து பெற்ற சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். ஆதரிப்பார் இருக்கும் ஊரை நாடி அக்குடும்பம் அடிக்கடி இடம் பெயர்ந்தது. அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் சிறுவனின் இளமை கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பெற்ற பாடம் அவன் உள்ளத்தில் தமிழ்ச் சுவையை விதைத்தது. அதன் பின்னர் எந்த ஊரில் எந்தப் புலவர் இருக்கிறார் என்பதே அவன் நினைவாயிற்று. மகன் இசையில் தேர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ தமிழின் மேல் சென்றது. அந்த விருப்பத்துக்கு இணங்கி, தக்க ஆசிரியரைத் தேடி மகனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவரும் அத்தந்தையே.

அந்த அலைச்சல் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் முடிவுற்றது. மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்போது அங்கே வாழ்ந்து வந்தார். வேங்கடராமன் என்ற பெயருடன் வந்த மாணாக்கனை, வீட்டார் அழைக்கும் சாமிநாதன் என்ற பெயராலேயே அவர் அழைக்கலானார். உலகத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பாடங்கள் இடைவிடாது நடந்தன. ஆசிரியர் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். புராணங்கள் பல அவ்வாறே உருவாயின. அத்தகைய புலமை படைத்தவருக்கு வறுமையும் கடனும் இறுதிவரை நீங்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட இளைஞரின் உள்ளத்தில் அக்காட்சி ஆழப் பதிந்தது.

மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். தந்தையாரின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசை பயின்றார். இசைப் பயிற்சி இலக்கியக் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதுவதை உணர்ந்ததும் அதனை நிறுத்திவிட்டார். ஒருவரிடம் கொண்ட பக்தியால் மற்றொரு பெரியவரை விட்டு விலக நேர்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1936இல், அப்பாரதியாரின் வரலாற்றை ஐயரே நூலாக எழுதினார். முழுமையாகப் பெற முடியாமற்போன கல்விக்கும் நன்றி செலுத்த வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

கல்விக்கு இடையே குடும்பச் சுமையும் குறுக்கிட்டது. திருமணத்தால் நேர்ந்த கடனை அடைக்க ஐயர் சிறிது காலம் ஆசிரியரைப் பிரிந்து, காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்தார். பொருள் கிடைத்ததும் மீண்டும் ஆசிரியரை அடைந்தார். அவருக்கு வாய்த்த காலம் நீளவில்லை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் மகாவித்துவான் காலமானார். அருகில் இருந்து அப்பொழுது திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை.

அதன் பின் திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் ஐயரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியாரும் மகாவித்துவானின் மாணாக்கரே. தாம் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு ஐயரே தக்கவர் என்று அவர் வற்புறுத்தினார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐயர் அக்கல்லூரியில் பணி ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலை ஐயர் சொல்ல, முதலியார் வியப்பேதும் காட்டாமல், அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அந்நூலின் பிரதியையும் தந்தார். பெரும்புலவரிடம் பயின்றவர், தம் மொழியின் ஒரு பேருலகமே தமக்குத் தெரியாமல் இருந்ததை அன்று உணர்ந்தார். அவ்வுணர்வை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. தம் சரித்திரத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

சிந்தாமணி சைன நூல். சைவ மடத்தின் சூழலில் கற்றவருக்கு அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு சைனர் வீட்டு வாசலில் மாக்கோலமும் தோரணமும் கண்டு விசாரித்தபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாளை அவர்கள் கொண்டாடுவது தெரியவந்தது. அறிஞர்கள் மறந்த காப்பியம் ஒரு சமூகத்தாரின் இல்லங்களில் உயிரோடு இருந்தது. அவர்களை அணுகி, ஐயந்தீரக் கேட்டு, பல சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனப் பதிப்புகள் தொடர்ந்தன.

இவற்றின் பொருட்டு அவர் மேற்கொண்ட பயணங்களில் கண்டவை பல துயரமானவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் இருந்தன என்று கேட்டு அங்கே சென்றபோது, சிதைந்த ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்தார். அழித்தவர்களிடம் பகை இல்லை, பக்தியே இருந்தது. நல்லெண்ணமும் அறியாமையும் சேர்ந்தால் ஒரு நூல் எத்துணை எளிதாக மறையும் என்பதை ஐயர் நேரில் கண்டார். ஏட்டுக்கு நேர்வது மனிதருக்கும் நேரும். கண்டவரும் கேட்டவரும் மறைந்துபோனால் ஒரு பெரியவரின் வாழ்வும் மீளாது. மகாவித்துவானுடன் பழகியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வந்தனர்.

1903இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1919இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1906இல் மகாமகோபாத்தியாய பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. பதிப்புப் பணி ஒருபுறம் நடக்க, ஆசிரியரைப் பற்றிய செய்திகளையும் அவர் சேர்த்துவந்தார். பழைய கடிதங்கள், தனிப்பாடல்கள், உடன் பயின்றோர் சொன்னவை, தம் நினைவில் நின்றவை ஆகிய அனைத்தையும் சுவடி ஆராய்வது போலவே ஒப்புநோக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரம் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து அப்போது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மாணாக்கருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெருமையோடு வறுமையும் அந்நூலில் இடம்பெற்றது. புலவரை ஆதரித்தவர்களின் பெயர்களும் விடுபடவில்லை.

தொடர்ந்து மகா வைத்தியநாதையரின் வரலாறும், தந்தையாரின் உறவினரும் இசையாசிரியருமான கனம் கிருஷ்ணையரின் வரலாறும் வெளிவந்தன. வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாருக்கும் ஒரு நூல் உருவாயிற்று. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு ஐயர் இட்ட பெயரும் தியாகராச விலாசம் என்பதே. தமக்கு நன்மை செய்தோர் எவரும் பெயரற்றுப் போகலாகாது என்பதில் அவர் காட்டிய உறுதிக்கு இவை சான்று.

இவ்வளவு பேருடைய வரலாறுகளையும் எழுதிய பின்னரே தம் வரலாற்றுக்கு வந்தார். அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் ‘என் சரித்திரம்’ வெளிவரலாயிற்று. மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். வார இதழ் வாசகர்கள் கதை படிக்கும் ஆவலோடு அதைப் படித்தனர். நடை எளியது, செய்திகள் நுணுக்கமானவை. கிராமத்து வாழ்க்கை, திண்ணைப் பள்ளிக்கூடம், மடத்தின் நடைமுறை, வித்துவான்களின் பழக்கவழக்கம் என்று ஒரு காலமே அதில் உயிர்த்தெழுந்தது. தம்மைப் பற்றிய நூலாயினும், அதன் பெரும்பகுதியில் ஒளி ஆசிரியர் மேலும் பெற்றோர் மேலும் உதவியோர் மேலுமே விழுகிறது. தம் அறியாமையையும் அச்சத்தையும் ஏமாற்றத்தையும் ஐயர் சொல்கிறார். வெற்றியைச் சொல்லுமிடத்தில் அதற்குத் துணைநின்றவரைக் காட்டுகிறார்.

அந்நூல் முற்றுப்பெறவில்லை. இரண்டாம் உலகப் போரின் அச்சத்தால் 1942இல் சென்னை மக்கள் பலர் வெளியூர்களுக்குப் பெயர்ந்தபோது, ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார். 122 அத்தியாயங்களோடு சரித்திரம் நின்றுபோயிற்று. கதையின் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத் தாண்டவில்லை. மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டி அது நிற்கிறது. எஞ்சிய நாற்பது ஆண்டுகளின் வரலாற்றை, சென்னை வாழ்வையும் பட்டங்களையும் பாராட்டுகளையும், எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய மைந்தர் கலியாணசுந்தரையர் 1950இல் அதனை நூலாக வெளியிட்டார்.

இக்குறை வாசகருக்கு இழப்பே. பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை ஆகியவற்றைப் பதிப்பித்த கதையை அவர் வாய்மொழியாகக் கேட்கும் பேறு தமிழுக்கு இல்லாது போயிற்று. ஆயினும் அது நின்ற இடமும் பொருத்தமானதே. புகழ் முழுமையாக வந்து சேர்வதற்கு முன்பே நூல் முடிவதால், அதில் என்றும் தென்படுபவர் கற்றுக்கொண்டேயிருக்கும் ஒரு மாணாக்கர்.

ஐயர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943இல் அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் நிறுவப்பட்டது. திருவல்லிக்கேணித் தியாகராச விலாசமோ 2012இல் இடிக்கப்பட்டது. செட்டியாரின் பெயர் தாங்கிய கட்டடம் மறைந்தாலும், ஐயர் எழுதிய ஏடுகளில் அப்பெயர் இருக்கிறது. மாயூரத்து வீட்டில் பாடல் சொல்லிக்கொண்டிருந்த மகாவித்துவானும், மகனுக்காக ஊர் ஊராக அலைந்த வேங்கட சுப்பையரும் அங்கேயே இருக்கிறார்கள்.