ஆர்தர் லிட்டில் என்னும் ஆலோசகர்

நூலறிவு, உலகியலறிவு எனக் கல்வி இருதிறப்படும். நூல்நெறி முற்றும் உணர்ந்தவிடத்தும் உலகத்தின் நடையறிந்தே வினைசெய்தல் வேண்டுமெனத் திருவள்ளுவர் 'அமைச்சு' என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அரசனுக்கு அமைச்சன் எத்தகையனோ, ஆலை நடத்துவோருக்குத் தொழில் ஆலோசகர் அத்தகையர். ஆயின் ஆலோசனை கூறும் திறத்தை மாணாக்கர்க்குக் கற்பிப்பது எங்ஙனம்? வகுப்பறையில் அமர்ந்து பாடங்கேட்டோர்க்கு அது வாய்க்குமோ? இவ்வினாவிற்கு விடை கண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவர் அமெரிக்க நாட்டினராகிய ஆர்தர் டீஹன் லிட்டில் என்பார்.

லிட்டில் 1863ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். 1881இல், அக்காலத்து அந்நகரிலேயே இருந்த மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்து இரசாயனம் பயின்றார். எழுத்தின்பாலும் அவர்க்கு ஆர்வம் மிகுதி. அக்கழக மாணாக்கர் அவ்வாண்டே தொடங்கிய செய்தித்தாளின் முதற் பத்திராதிபர் அவரே. கலாசாலை மலரில் எழுதும் நம்மனோர்க்கு இது களிப்பூட்டும் செய்தியன்றோ? மூன்றாண்டுகள் பயின்றபின், பட்டம் பெறாமலே 1884இல் அவர் வெளியேறினார்.

பின்னர் ரோட் ஐலண்டு மாகாணத்து ரம்ஃபோர்டு என்னும் ஊரில் ஒரு காகித ஆலையில் அமர்ந்தார். மரத்தைச் சல்பைட் முறையாற் கூழாக்கும் தொழில் அமெரிக்காவில் அப்பொழுதுதான் தலையெடுத்தது. சிறு குடுவையில் நிகழ்வது பெருங்கொப்பரையிலும் அவ்வாறே நிகழ்வதில்லை என்பதை ஆலையன்றி வேறெது கற்பிக்கும்?

1886இல் ராஜர் கிரிஃபின் என்பாருடன் கூடிப் பாஸ்டனில் ஆலோசனை நிலையமொன்றை நிறுவினார். அப்பொழுது லிட்டிலுக்கு வயது இருபத்திரண்டே. பெரும்பாலான ஆலையுடையோர் தம் அநுபவத்தையே நம்பியிருந்த காலம் அது. அவர்தம் பிழையை அவர்க்கே எடுத்துக்கூறி, அதற்கு ஊதியமும் பெறுதல் எளிதன்று. அந்நிலையில் 1893இல், ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தொன்றில் கிரிஃபின் உயிர் துறந்தார். துணையிழந்த லிட்டில் தொழிலைக் கைவிட்டிலர். இருவரும் சேர்ந்து எழுதிய காகித இரசாயன நூல் இருவர் பெயராலும் 1894இல் வெளிவந்தது. மறைந்த நண்பருக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் யாது?

1900 முதல் 1905 வரை வில்லியம் வாக்கர் என்னும் அறிஞர் அவருடன் கூட்டாளியாயிருந்தார். செல்லுலோஸ் அஸிடேட்டினின்று செயற்கைப் பட்டிழை செய்யும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றனர். 1909இல் நிலையம் லிட்டிலின் பெயராலேயே கம்பெனியாயிற்று. 1911இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஆய்வுக்கூடம் அமைக்க உதவியது. 1916இல் கானடாவின் இயற்கை வளங்களை ஆராயும் பணியைக் கனேடியன் பசிபிக் இரயில்வே இவரிடமே ஒப்புவித்தது.

இவை யாவும் சிறப்புடையனவே. எனினும் மாணாக்கராகிய நாம் போற்றத்தக்க பெருஞ்செயல் வேறொன்றுண்டு. வாக்கர் அப்பொழுது கழகத்திற் பேராசிரியர். லிட்டிலோ கழகத்தின் இரசாயனப் பகுதியைப் பார்வையிடும் குழுவின் தலைவர். 1915இல் கழகத்தார்க்கு லிட்டில் அளித்த அறிக்கையில் இரண்டு கருத்துக்கள் சிறந்து நின்றன. முதலாவது, எத்துணைச் சிக்கலான இரசாயனத் தொழிலும் அரைத்தல், உலர்த்துதல், வடித்தல், ஆவியாக்குதல் முதலிய சில அலகுச் செய்கைகளின் கோவையே என்பது. முதலெழுத்து முப்பதையும் கற்றவன் எண்ணிறந்த சொற்களைப் படிக்க வல்லனாதல் போல, இச்செய்கைகளை உணர்ந்தவன் எவ்வாலையிற் புகினும் திகைப்பிலன்.

இரண்டாவது, மாணாக்கரை ஆலைக்கே அனுப்பிக் கற்பிக்க வேண்டும் என்பது. கோடாக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இதற்கென 3,00,000 டாலர் உதவினார். 1916இல் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பாங்கர், எவரெட் முதலிய ஊர்களிலிருந்த ஆலைகள் அதன் வகுப்பறைகளாயின. கழகத்து ஆசிரியர் அவ்வாலைகளிலேயே தங்கி வழிகாட்டினர். மாணாக்கர் சிறு குழுக்களாய்ப் பிரிந்து, மெய்யாகவே ஆலையை வருத்தும் குறைகளை ஆராய்ந்தனர். வெப்பம் எங்கே வீணாகின்றது? சரக்கு எவ்விடத்துக் கெடுகின்றது? அளந்து, கணக்கிட்டு, தம்முள் விவாதித்து, முடிவினை அறிக்கையாக எழுதுதல் வேண்டும். உலகப்போர் காரணமாக 1917இல் நின்ற இப்பள்ளி 1920இல் மீண்டும் திறக்கப்பெற்றது.

இதன் பயனைச் சிறிது ஆராய்வோம். வகுப்பில் ஆசிரியர் வினாவை வகுத்துத் தருகின்றார். ஆலையிலோ வினாவையே மாணாக்கர் கண்டுபிடித்தல் வேண்டும். தேர்வில் ஒருவன் தவறினால் இழப்பு அவனுக்கே. இங்கோ பிறர் பொருளுக்கும் இழப்பு நேரும். குழுவில் ஒருவன் கணக்கு வழுவின் எல்லோர் சொல்லும் பழுதாகும். மேலும் கொப்பரையருகே நெடுங்காலம் நின்ற தொழிலாளி அறிந்ததைக் கேட்டறியும் பணிவும் வேண்டும். பொறுப்பும் ஒற்றுமையும் பணிவும் இங்ஙனம் ஒருங்கே கைவருகின்றன.

லிட்டில் நகைச்சுவையும் உடையவர். பன்றிக் காதினின்று பட்டுப்பை செய்தல் இயலாதென்பது ஆங்கிலேயர் பழமொழி. 1921இல் அவர் நிலையத்தார் பன்றிக் காதுகளினின்று காய்ச்சிய வச்சிரப்பசையை இழையாக்கி, சாயமிட்டு, தறியில் நெய்து, பணப்பை செய்தே காட்டினர். அதனால் வாணிகப் பயன் ஏதுமில்லை. ஆயின் ஆராயாமல் இயலாதென்னும் சொல்லை ஏற்கலாகாது என்பதை உலகம் உணர்ந்தது.

1931இல் பெர்க்கின் பதக்கம் பெற்ற இவர், 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் காலமானார். கம்பெனியில் தமக்கிருந்த பெரும்பங்கினைத் தாம் பயின்ற கழகத்திற்கே எழுதிவைத்தார். பட்டமளியாத தாயை மறவாத மைந்தர் அவர்.

அவர் நிறுவிய கம்பெனி 2002இல் கடன்பட்டு நொடித்துப் பிறர் கைக்கு மாறியது. பயிற்சிப் பள்ளியோ நூறாண்டு கடந்தும் நடைபெறுகின்றது. நம் நாட்டில் பிலானியிலும் 1973இல் அதனையொட்டிய பயிற்சி முறை தொடங்கப்பெற்றது. ஈட்டிய பொருளினும் கற்பித்த நெறி நீடுவாழும் என்பதற்கு இதுவே சான்று. தோழர்களே, நாம் பயில்வது இரசாயனமாயினும் இலக்கியமாயினும், கற்றதைக் குழுவாய்க் கூடிப் பிறர் குறை தீர்க்கப் பயன்படுத்துங்கால் அன்றோ அது கல்வியாகும்!