நெஸ்டர் அல்மென்ட்ரோஸ்: இருமுறை நாடிழந்த ஒளிப்பதிவாளர்

கடற்கரையில் விடுமுறை நாளைக் கழிக்கும் சாதாரண மக்களைப் படம்பிடித்த சிறு ஆவணப்படம் ஒன்று, அரசொன்றின் சினத்துக்கு ஆளாகும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். புரட்சிக்குப் பிந்திய கியூபாவில் அதுவே நிகழ்ந்தது. கோஷமோ கொடியோ இல்லாத அப்படம் தடைசெய்யப்பட்டது. அதை எடுத்த நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் நாட்டை விட்டு வெளியேறினார்.

அவருக்கு இது முதல் வெளியேற்றமும் அல்ல. 1930இல் பார்சலோனாவில் பிறந்த அவரது தந்தையார், குடியரசை ஆதரித்த கல்வியாளர். உள்நாட்டுப் போரில் பிராங்கோ வெற்றிபெற்றதும் தந்தையார் கியூபாவில் தஞ்சம் புகுந்தார். மகன் 1948இலேயே அவருடன் சேர்ந்துகொண்டார். ஹவானாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ரோமிலும் பயின்றவர், 1959இன் புரட்சியை நம்பியே அங்கு திரும்பினார். வலதுசாரிச் சர்வாதிகாரத்திடம் இழந்ததை இடதுசாரி ஆட்சியிடமும் இழக்க நேர்ந்ததே அவரது வாழ்வின் துயரம். தந்தையாரோ கியூபாவிலேயே தங்கிவிட்டார்.

பாரிஸில் பாடசாலைத் தொலைக்காட்சிக்குப் படமெடுத்து வயிறு வளர்த்தார். எரிக் ரோமரின் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கச் சென்றிருந்தபோது, ஒளிப்பதிவாளர் இடைநடுவில் விலகிவிட, தாம் செய்வதாக அவர் முன்வந்தார். அந்தத் துணிவே அவரது தொழிலைத் திறந்து வைத்தது எனலாம். ரோமருக்கும் பிரான்சுவா த்ரூபோவுக்கும் அவர் தொடர்ந்து பணியாற்றினார். சாளரத்தால் வரும் வெளிச்சத்தையும் மேசை விளக்கையும் கொண்டே காட்சியை அமைப்பது அவர் வழக்கம். கையில் பணமில்லாததால் பழகிய முறை, பின்னர் அவரது கொள்கையாயிற்று.

அதன் உச்சம், டெரன்ஸ் மலிக்கின் 'டேய்ஸ் ஒஃப் ஹெவன்'. டெக்சாஸ் கோதுமை வயல்களில் நிகழும் இக்கதை கனடாவின் அல்பேர்ட்டாவில் படமாக்கப்பட்டது. சூரியன் மறைந்து இருள் கவியும் முன்னுள்ள ஏறத்தாழ 20 நிமிட மென்னொளிக்காகப் பகல் முழுவதும் காத்திருந்தார்கள். மின்விளக்குகளை அணைக்கச் சொன்ன வெளிநாட்டவரைக் கண்டு ஹொலிவூட் தொழிலாளர்கள் முணுமுணுத்தனர். அப்போது அவரது பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. உதவியாளர் எடுத்துத் தரும் உடனடிப் புகைப்படங்களை மிக வலுவான கண்ணாடியால் ஆராய்ந்த பின்னரே ஒளியைத் திருத்துவாராம்.

த்ரூபோவுக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் இடையில் புறப்பட, எஞ்சிய பகுதியை ஹஸ்கெல் வெக்ஸ்லர் முடித்தார். 1979இல் ஒஸ்கார் விருதோ அல்மென்ட்ரோஸுக்கு மட்டுமே கிடைத்தது. வெக்ஸ்லர் மனங்குறைப்பட்டதில் நியாயம் உண்டு என்பதே எமது எண்ணம்.

புகழ் வந்தபின் பலர் பழைய காயங்களை மறந்துவிடுவர். இவர் மறக்கவில்லை. ஹவானாவின் இரவு வாழ்க்கையைக் காட்டிய குறும்படம் ஒன்றுக்காக 1961இல் தடைக்கு ஆளான ஒர்லாண்டோ ஹிமெனெஸ் லியாலுடன் இணைந்து, 1984இல் 'தகாத நடத்தை' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தொழில் முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஒருபாலினத்தவர்களும் தண்டிக்கப்பட்ட எழுத்தாளர்களும் அதில் கமெராவை நேராகப் பார்த்துப் பேசினர். கியூபாவை ஆதரித்த ஐரோப்பிய அறிஞர் சிலருக்கு அது கசந்தது.

1992 மார்ச் 4ஆம் திகதி எயிட்ஸ் சார்ந்த நோயினால் அவர் நியூயோர்க்கில் காலமானார். துணிச்சல் மிக்க திரைப்படக் கலைஞர்களுக்கென மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் திரைப்பட விழா ஏற்படுத்திய விருதுக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.