தீனபந்து ஆண்ட்ரூஸ்

கடல் கடந்து சென்றேனும் பொருளீட்டுதல் நன்றென நம் முன்னோர் கருதினர். ஆயினும், ஒருவன் தன் விருப்பத்தாற் சென்று தன் விருப்பத்தால் மீளுதல் வேறு. வறுமை உந்தச் சென்று, மீளும் வழியறியாது அயல் மண்ணிற் கிடந்து நைதல் வேறு. இவ்வேற்றுமையை அரசாள்வோரும் உணருமாறு எடுத்துக் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை, நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதற்பொருட்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ் என்பார் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ சமயக் குரவர். சார்லஸின் இளமைக் காலத்தில், தாயாரது செல்வம் நம்பி ஒப்படைக்கப்பட்ட நண்பர் ஒருவரால் அழிந்தது. குடும்பம் சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்து எளிய வாழ்வை மேற்கொண்டது. எனினும் பெற்றோரும் மக்களும் ஒரு கூரையின்கீழ் ஒருமித்தே இருந்தமையால் அவ்வறுமை அவர்களைச் சிதைத்திலது. கேம்பிரிட்ஜ் கலாசாலையிற் பயின்று, 1904இல் டெல்லி ஸ்டீபன் கல்லூரியின் ஆசிரியராக இந்தியா வந்தார் அவர்.

அக்காலத்தே ஒப்பந்தக் கூலி முறை என்றொரு கொடுமை நிலவியது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்படவே, கரும்புத் தோட்ட முதலாளிகள் ஏழை இந்தியரைக் கப்பலேற்றிக் கொணரலாயினர். பிஜித் தீவுகளுக்கு மாத்திரம் 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். 1903 முதல் சென்னைத் துறைமுக வழியாகத் தமிழரும் தெலுங்கரும் அனுப்பப்பட்டனர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. நாட்கூலி ஆடவர்க்கு ஒரு ஷில்லிங்; பெண்டிர்க்கு ஒன்பது பென்ஸ். குறித்த வேலையை முடியாதவரைக் குற்றவாளியெனக் கோர்ட்டில் நிறுத்தவும் சட்டம் இடந்தந்தது. பத்தாண்டு கழிந்த பின்னரே இலவசமாய்த் திரும்பும் உரிமை உண்டாயிற்று.

இம்முறை கைகளை எண்ணிற்றேயன்றிக் குடும்பங்களை எண்ணவில்லை. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்பது விதி. ஆள்சேர்ப்போர் அத்தொகையை நிரப்புதற்பொருட்டு, கணவனை இழந்தாரையும், வீட்டாரோடு பிணங்கி வழியில் நின்றாரையும் நயவுரை கூறி ஏற்றியனுப்பினர். தோட்டத்து லயங்களில் பத்தடி நீளமும் ஏழடி அகலமுமுள்ள ஓரறையில் மூன்று ஆடவரேனும், கணவன் மனைவி மக்களேனும் வாழ வேண்டும். அறைகளின் இடைச்சுவர் கூரையளவும் எழாது. ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டிற்குக் கேட்கும். நம் சமய முறைப்படி நடந்த மணத்தைப் பதிவு செய்தாலன்றிச் சட்டம் ஏற்கவில்லை. பெரியோர் இல்லை, உறவினர் இல்லை, வழக்குத் தீர்க்க ஊரும் இல்லை. இந்நிலையில் கொலையும் தற்கொலையும் மலிந்தன.

ஆண்ட்ரூஸ் இத்துயரை முதலிற் கண்டது தென்னாப்பிரிக்காவில். 1914 ஜனவரியில், கோகலே அவர்களின் விருப்பப்படி, பியர்ஸன் என்னும் அன்பரோடு அங்கே சென்று காந்தியடிகளுக்குத் துணை நின்றார். ஒப்பந்தம் முடிந்தோர் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் செலுத்த வேண்டும் என்னும் வரியை எதிர்த்து நடந்த போராட்டம் அது. பெண்டிரும் வளர்ந்த பிள்ளைகளும்கூட அவ்வரிக்குத் தப்பவில்லை. அவ்வாண்டே வரி நீங்கிற்று. அவர் ஆங்கிருந்தபோது இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். பிறர் குடும்பத்தின் பிரிவுத் துயரை ஆராயச் சென்றவர் தாமும் அன்னையின் முகங்காணாது பிரிவை எய்தினார்.

1915ஆம் ஆண்டு இறுதியில் அவ்விருவரும் பிஜி சென்று, லயங்கள்தோறும் நுழைந்து, கூலியின் அளவோடு அமையாது, இல்லற வாழ்வின் நிலையையும் உசாவினர். அவர்களது அறிக்கை 1916இல் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் மாளவியா அவர்கள் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்சு ஏற்றார். எனினும் வேறு ஏற்பாடு அமையுமளவும் முறை நீடிக்கலாம் எனக் கண்ட ஆண்ட்ரூஸ், நாடெங்கும் சென்று கிளர்ச்சியை வளர்த்தார். 1917 மார்ச்சில் ஆள் அனுப்புதல் நின்றது. அவர் மீண்டும் பிஜிக்குச் சென்று வாதாடினார். எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாளில் ரத்தாயின. ஏழைகளின் உறவினர் என்னும் பொருளுடைய தீனபந்து என்ற பெயரால் மக்கள் அவரைப் போற்றினர்.

விடுதலை வந்ததோடு துயரம் ஒழிந்ததா? அன்று. பல்லாண்டு கழித்துத் தாயகம் திரும்பியோருட் பலரை ஊரார் ஏற்றிலர். கடல் கடந்தார், சாதி கெட்டார், எவளையோ மணந்தார் என்று உற்றாரே கதவடைத்தனர். சேர்த்த சிறு பொருளையும் இழந்து, கல்கத்தாவை அடுத்த மட்டியாபுரூஜில் காய்ச்சலோடும் பசியோடும் கிடந்து, எக்கொடிய தீவிலிருந்து வந்தனரோ அத்தீவிற்கே திருப்பி அனுப்புமாறு அவர்கள் மன்றாடினர். அவர்தம் துயர் துடைக்கவும் ஆண்ட்ரூஸ் பாடுபட்டார். தோட்ட முதலாளி பிரித்த குடும்பத்தை முற்றும் பிரித்தது நம்மவரின் கட்டுப்பாடே என்பதை நாம் மறைத்தல் தகாது.

பிஜியிலேயே தங்கிய தென்னாட்டாரோ, சாதி பாராது கூடி, 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நிறுவிப் பள்ளிகள் கண்டனர். ஊர் இழந்தோர் தமக்கென ஊர் ஒன்று சமைத்துக்கொண்டனர் என்னலாம். ஆண்ட்ரூஸ் 1936இல் மூன்றாம் முறையும் அத்தீவிற்குச் சென்றார். மணமும் மக்களும் இன்றிப் பிறர் மனைகளைக் காக்க உழைத்த அவர், 1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார்.

அன்பர்களே! இன்று கப்பலுக்குப் பதிலாக விமானம் உண்டு; கடிதத்திற்குப் பதிலாகக் கைப்பேசி உண்டு. எனினும், கடன் வாங்கித் தரகன் கையிற் கொடுத்து வளைகுடா நாடு சென்று ஏமாந்தவனும், அவன் வரவை நோக்கியிருக்கும் மனைவியும் நம் தெருக்களில் இல்லையா? செல்வோன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கூறுதல், அவன் மக்களின் படிப்பு நில்லாது காத்தல், வெறுங்கையோடு மீள்வானை ஏளனம் செய்யாது எதிர்கொள்ளுதல் ஆகிய மூன்றும் நம்மால் இயலும். புகழோடு மீண்டவனுக்கு மாலை சூட்டும் சங்கம், தோற்று மீண்டவனுக்கும் திண்ணையில் இடந்தரல் வேண்டும். தீனபந்துவின் நினைவைப் போற்றும் முறை இதுவே.